எதிர்பார்ப்புக்கு யார் விலை கொடுப்பது?

புத்தாண்டு நெருங்கும்போது தமிழ்நாட்டில் இரண்டு பட்டியல்கள் தவறாமல் வெளிவருகின்றன. ஒன்று, அரசின் பொது விடுமுறை நாள்கள். மற்றொன்று, வரும் ஆண்டில் பெரிதும் எதிர்பார்க்கப்படும் திரைப்படங்கள். முதல் பட்டியலை அரசு ஒருமுறை வெளியிட்டு அமைதியாகிவிடுகிறது. இரண்டாவதை ஒவ்வொரு ரசிகரும் தமக்கெனத் தனியே தயாரித்து, நண்பர்களோடு வாதிட்டுத் திருத்திக்கொண்டே இருக்கிறார். இரண்டுக்கும் தொடர்பு உண்டு. பொங்கல், தமிழ்ப் புத்தாண்டு, சுதந்திர தினம், ஆயுத பூஜை, தீபாவளி என்று விடுமுறைகளைப் பார்த்தே பெரிய படங்களுக்கு நாள் குறிக்கிறார்கள்.

2026-ஆம் ஆண்டுக்கான பட்டியலை எந்த ரசிகரும் மனப்பாடமாகச் சொல்வார். அரசியலில் இறங்கிவிட்ட விஜய்யின் கடைசிப் படம் என்ற அறிவிப்போடு, எச்.வினோத் இயக்கியுள்ள 'ஜன நாயகன்' ஜனவரி 9-க்கு அறிவிக்கப்பட்டிருந்தது. சுதா கொங்கரா இயக்கத்தில் சிவகார்த்திகேயன் நடிக்கும் 'பராசக்தி' பொங்கலையொட்டி வருவதாக அறிவிக்கப்பட்டிருந்தது. ரஜினிகாந்தும் நெல்சனும் மீண்டும் இணையும் 'ஜெயிலர் 2', ஆர்.ஜே.பாலாஜி இயக்கத்தில் சூர்யா நடிக்கும் 'கருப்பு' ஆகியவை அடுத்த வரிசையில் நிற்கின்றன. 2023 நவம்பர் 24 என்று நாள் குறித்து, கடைசி நேரத்தில் நின்றுபோன கௌதம் வாசுதேவ் மேனனின் 'துருவ நட்சத்திரம்' இந்த ஆண்டும் சிலரது பட்டியலில் இடம்பிடித்திருக்கிறது.

இவற்றில் எது வெல்லும், எது வீழும் என்று ஆரூடம் சொல்வது என் நோக்கமன்று. பல ஆண்டுகள் பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில் என்னை ஈர்ப்பது வேறொரு கேள்வி. எதிர்பார்ப்பு என்பது இன்று ஒரு பண்டமாகிவிட்டது. அதற்குச் சந்தை இருக்கிறது; விற்போரும் வாங்குவோரும் இருக்கிறார்கள். அது பொய்க்கும்போது நட்டத்தைச் சுமப்பது யார்?

முதலில் ரசிகரின் பக்கம் உள்ள நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். வராத படத்துக்காக ஆண்டு முழுவதும் காத்திருப்பதை வெட்டி வேலை என்று படித்தவர்கள் பலர் எள்ளி நகையாடுகிறார்கள். பொருளியல் அப்படிச் சொல்லவில்லை. 1987-இல் ஜார்ஜ் லோவன்ஸ்டைன் என்னும் அமெரிக்க ஆய்வாளர் மாணவர்களிடம் விசித்திரமான கேள்வி ஒன்றைக் கேட்டார். உங்களுக்குப் பிடித்த திரை நட்சத்திரத்தின் முத்தம் ஒன்று கிடைக்குமானால், அது உடனே கிடைப்பதற்கு எவ்வளவு கொடுப்பீர்கள், சில மணி நேரம் கழித்து, சில நாள்கள் கழித்து, ஓராண்டு கழித்து என்றால் எவ்வளவு கொடுப்பீர்கள் என்பதே கேள்வி. உடனடி முத்தத்தைவிட மூன்று நாள் கழித்துக் கிடைக்கும் முத்தத்துக்கே அவர்கள் கூடுதல் மதிப்பு அளித்தனர். காத்திருப்பதே ஓர் இன்பம். அதற்கும் ஒரு பயன்பாட்டு மதிப்பு உண்டு என்பது அவர் கண்ட முடிவு. திருவிழாவைவிடத் திருவிழாவுக்கு முந்தைய நாள் மகிழ்ச்சியானது என்பதை நம் ஊர்ப் பிள்ளைகள் எப்போதும் அறிந்தே இருக்கிறார்கள்.

ஆகவே, காத்திருப்பில் பிழை இல்லை. அந்தக் காத்திருப்பைச் சிலர் முன்கூட்டியே விற்றுக் காசாக்க, வேறு சிலர் அதன் விலையைக் கொடுப்பதில்தான் சிக்கல் இருக்கிறது.

திரைப்படம் ஓர் 'அனுபவப் பண்டம்'. ஃபிலிப் நெல்சன் என்ற பொருளியலாளர் 1970-இல் வகுத்த பாகுபாடு இது. கத்தரிக்காயைப் புரட்டிப் பார்த்து வாங்கலாம். துணியைத் தொட்டுப் பார்த்து வாங்கலாம். படத்தின் தரம் பணம் கொடுத்துப் பார்த்து முடித்த பிறகே தெரியும். பிடிக்கவில்லை என்று திருப்பிக் கொடுக்கவும் முடியாது. தரம் தெரியாத இடத்தில் நுகர்வோர் அடையாளங்களை நம்புகிறார்கள். நடிகரின் பெயர், இயக்குநரின் பெயர், முந்தைய வெற்றியின் தொடர்ச்சியைக் குறிக்கும் '2' என்ற எண், ஒன்றரை நிமிட முன்னோட்டம், ஒரு பாடல் ஆகியவைதாம் அந்த அடையாளங்கள். எதிர்பார்ப்புப் பட்டியல் இவற்றால் கட்டப்படுகிறது.

இந்த அடையாளங்கள் எந்த அளவுக்கு நம்பகமானவை? சென்ற ஆண்டின் பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டு, நடந்ததோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். 'நாயகன்' வெளிவந்து 37 ஆண்டுகளுக்குப் பின் மணி ரத்னமும் கமல்ஹாசனும் இணைந்த 'தக் லைஃப்' 2025-இன் தலையாய எதிர்பார்ப்புகளுள் ஒன்று. ஜூன் 5 அன்று வெளியான அந்தப் படம் சில நாள்களிலேயே தளர்ந்தது. திரையரங்குகளில் ஓடி எட்டு வாரங்கள் கழித்தே இணையத்தில் வெளியாகும் என்று முன்பு கூறப்பட்டிருந்தது. ஆனால் நான்கே வாரங்களில், ஜூலை 3 அன்று, வீட்டுத் திரைக்கு வந்துவிட்டது. அதற்கு முந்தைய ஆண்டில் 'இந்தியன் 2', 'கங்குவா' ஆகியவற்றின் கதையும் இதுவே.

மறுபுறம், அந்த ஆண்டுகளில் மக்கள் மனத்தில் நின்ற படங்களைப் பாருங்கள். 2025 மே 1 அன்று சூர்யாவின் 'ரெட்ரோ' வெளியான அதே நாளில், ஓர் அறிமுக இயக்குநரின் 'டூரிஸ்ட் ஃபேமிலி' வந்தது. இலங்கையிலிருந்து வந்த ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதையைக் குடும்பம் குடும்பமாகச் சென்று பார்த்தார்கள். 'குடும்பஸ்தன்', 2024-இன் 'லப்பர் பந்து' ஆகியவை ஆண்டுத் தொடக்கத்தில் எத்தனை பேர் பட்டியலில் இருந்தன? கொடைக்கானல் குணா குகையை மையமாகக் கொண்ட மலையாளப் படமான 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' தமிழ்நாட்டில் கொண்டாடப்படும் என்று 2024 ஜனவரியில் சொன்னவர் எவருமில்லை. இன்னும் வியப்பான சான்று ஒன்று உண்டு. 2025 பொங்கலுக்கு எதிர்பார்க்கப்பட்ட 'விடாமுயற்சி' தள்ளிப்போயிற்று. 2013 பொங்கலுக்கு வந்திருக்க வேண்டிய 'மத கஜ ராஜா', பன்னிரண்டு ஆண்டுத் தாமதத்தோடு அந்த இடைவெளியில் நுழைந்து பொங்கல் வெற்றியாகிவிட்டது.

இதைத் தமிழ்த் திரையின் தனிக் குறையாகக் கருத வேண்டியதில்லை. அமெரிக்கப் பொருளியலாளர் ஆர்தர் டி வேனி, தம் இணை ஆய்வாளர் டேவிட் வால்ஸுடன் சேர்ந்து இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஹாலிவுட் படங்களின் வருவாயை ஆராய்ந்து 1999-இல் வெளியிட்ட முடிவும் ஏறத்தாழ இதுதான். நட்சத்திரப் பெயர் ஒரு படத்துக்குத் தொடக்கத்தையும் கூடுதல் திரைகளையும் பெற்றுத்தரும். வெற்றியை உறுதி செய்யாது. திரைத்துறையில் 'சராசரி வருவாய்' என்ற சொல்லுக்கே பெரிதாகப் பொருள் இல்லை. மிகச் சில படங்கள் மிகப் பெரிய அளவில் ஈட்டுகின்றன. பெரும்பாலானவை போட்ட முதலைக்கூட எடுப்பதில்லை.

அப்படியானால், ஆண்டுதோறும் அதே பெயர்கள் ஏன் பட்டியலின் உச்சியில் வருகின்றன? இதற்கு 1936-இல் கெயின்ஸ் பங்குச் சந்தையைப் பற்றிக் கூறிய உவமை பொருந்துகிறது. நாளிதழ் ஒன்று நூறு முகங்களின் படங்களை வெளியிட்டு, மிக அழகான ஆறு முகங்களைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. போட்டியாளர்கள் அனைவரின் சராசரித் தேர்வோடு யாருடைய தேர்வு ஒத்துப்போகிறதோ அவருக்கே பரிசு. அறிவுள்ள போட்டியாளர் தமக்கு அழகாகத் தெரியும் முகத்தைத் தேர்வதில்லை; மற்றவர்கள் எதைத் தேர்வார்கள் என்று கணித்து அதைத் தேர்கிறார். எதிர்பார்ப்புப் பட்டியலும் அவ்வாறானதே. 'எனக்கு எது பிடிக்கும்' என்ற கேள்வி மெல்ல மறைந்து, 'எல்லோரும் எதைப் பேசுவார்கள்' என்ற கேள்வி அந்த இடத்தில் அமர்ந்துகொள்கிறது. வகுப்பில் இந்த உவமையை விளக்கும்போது, மாணவர்களிடம் அவர்கள் காத்திருக்கும் படங்களை எழுதித் தரச் சொல்வதுண்டு. தாள்களில் பெயர்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். தனியே அழைத்துக் கேட்டால்தான், அண்மையில் அவர்கள் மிகவும் ரசித்த படம் வேறு என்பது தெரியவரும்.

இதனால் என்ன கேடு என்று கேட்கலாம். முன்பு பெரிய கேடு இருக்கவில்லை. திரைப்படம் சுருள்களாக வந்த காலத்தில் பிரதிகளின் எண்ணிக்கை குறைவு. முதலில் மாநகரங்களான 'ஏ' சென்டர்கள், பிறகு 'பி', 'சி' சென்டர்கள் என்று படம் மாதக்கணக்கில் பயணம் செய்தது. மதுரை தங்கம் திரையரங்கம் 1952 தீபாவளிக்கு அன்றைய 'பராசக்தி'யோடு தொடங்கியபோது, சிற்றூர் ரசிகர் தம் ஊர்க் கொட்டகைக்கு அது வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த இடைவெளியில் படத்தைப் பற்றிய செய்தி அவரை எட்டிவிடும். அதாவது, தரத்தைப் பற்றிய தகவல் படத்துக்கு முன்னால் நடந்தது. வாங்க ஆளின்றிக் கிடந்த 'சேது', 1999 டிசம்பரில் மிகச் சில அரங்குகளில் வெளியாகி, பார்த்தவர்களின் வாய்மொழியாலேயே நூறு நாள்களைத் தொட்டது. அதற்கு அரங்கும் அவகாசமும் கிடைத்தன.

எண்ணிம முறை வந்தபின் இந்த வரிசை தலைகீழானது. ஒரே காலையில் மாநிலத்தின் எல்லா மூலைகளிலும் ஒரே படம் திரையிடப்படுகிறது. வருவாயின் பெரும்பகுதியை முதல் மூன்று நாள்களில், படத்தின் தரம் குறித்த செய்தி பரவுவதற்கு முன்பே ஈட்டிவிடுவதே இன்றைய வணிகத்தின் அடிப்படை. படத்தை விற்பதைவிட எதிர்பார்ப்பை விற்பது இலாபகரமாகிவிட்டது.

இதற்குச் சான்று நீதிமன்றப் படியிலேயே இருக்கிறது. படம் வெளியாகி முதல் மூன்று நாள்களுக்கு இணைய விமர்சனங்களைத் தடை செய்ய வேண்டும் என்று தயாரிப்பாளர் அமைப்பு ஒன்று சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகியது. 2024 டிசம்பரில், விமர்சனமும் கருத்துரிமையே என்ற அடிப்படையில் அத்தகைய தடையை விதிக்க நீதிமன்றம் மறுத்தது. அவதூறும் ஆள்வைத்துப் பரப்பும் வசையும் கண்டிக்கத்தக்கவையே, அதில் ஐயமில்லை. ஆனால் கேட்கப்பட்டது ஒரு வாரமும் அன்று, ஒரு மாதமும் அன்று; சரியாக மூன்று நாள்கள். எதிர்பார்ப்பு என்னும் பண்டத்தின் ஆயுள் எவ்வளவு என்பதைத் துறையே அந்த மனுவில் ஒப்புக்கொண்டுவிட்டது.

பணம் கைமாறும் வரிசையைப் பார்த்தால் இழப்பு எங்கே போய்ச் சேர்கிறது என்பது புலப்படும். ஒரு பெரிய நடிகரின் படம் முடிவதற்கு முன்பே இணைய ஒளிபரப்பு உரிமை, தொலைக்காட்சி உரிமை, இசை உரிமை, வெளிநாட்டு உரிமை ஆகியவை விலைபோகின்றன. பல படங்களில் பகுதிவாரி விநியோக உரிமையும் குறைந்தபட்ச உத்தரவாதத் தொகைக்கு விற்கப்படுகிறது. ஏலத்தில் வெல்பவர் பெரும்பாலும் பண்டத்தின் மதிப்பை மிகையாக மதிப்பிட்டவரே என்பதை எண்ணெய் வயல் ஏலங்களை ஆராய்ந்த மூன்று அமெரிக்கப் பொறியாளர்கள் 1971-இல் எடுத்துக்காட்டினர். பொருளியலில் இது 'வென்றவரின் சாபம்' எனப்படுகிறது. தமிழ்நாட்டு விநியோகஸ்தர்கள் இந்தச் சாபத்தை நன்கறிவார்கள். 2002-இல் 'பாபா' தோற்றபோது ரஜினிகாந்த் அவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தந்தார். 2014-இல் வெளியான 'லிங்கா'வின் இழப்பீட்டுக்காக விநியோகஸ்தர்கள் போராட்டத்தில் இறங்க நேர்ந்தது. பெருந்தன்மையால் சில நேரங்களில் காயம் ஆறலாம். பெருந்தன்மையை நம்பி ஒரு தொழில் இயங்க முடியாது.

இந்தச் சங்கிலியில் கடைசியாக நிற்பவர் ரசிகர். திரையரங்கின் வகையைப் பொறுத்து அதிகபட்சக் கட்டணத்தை அரசு நிர்ணயித்திருக்கிறது. ஆயினும், பெரிய படங்களின் முதல் நாளில் அதற்கு மேல் விற்கப்படுவதாகப் புகார் எழாத ஆண்டில்லை. ரூ.150 நுழைவுச்சீட்டு ரூ.500-க்கு விற்கப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். கூடுதல் ரூ.350 எந்தக் கணக்கிலும் வராது. அதற்கு வரி இல்லை. படைத்த கலைஞருக்கு அதில் பங்கில்லை. அன்றாடக் கூலியில் வாழும் ஓர் இளைஞரின் அரைநாள் உழைப்பு அது. 'விருப்பமுள்ளவர் கொடுக்கிறார், இதில் என்ன தவறு' என்று கேட்கும் பொருளியல் நண்பர்கள் எனக்கு உண்டு. விருப்பம் முழுத் தகவலோடு எழுந்தால் அந்த வாதம் நிற்கும். தகவல் வந்து சேரும் முன்பே பணத்தைப் பெற்றுவிட வேண்டும் என்று வடிவமைக்கப்பட்ட சந்தையில் அது நிற்காது.

பணத்தோடு முடிந்தால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். 2023 ஜனவரியில் 'துணிவு' முதல் காட்சிக் கொண்டாட்டத்தின்போது, சென்னையில் நகர்ந்துகொண்டிருந்த லாரியின் மேலிருந்து விழுந்த 19 வயது இளைஞர் உயிரிழந்தார். அதன் பின்னரே தமிழ்நாட்டில் அதிகாலைக் காட்சிகள் நின்றன. இப்போது காலை 9 மணிக்கே முதல் காட்சி. 2024 டிசம்பர் 4 இரவு ஹைதராபாத்தில் 'புஷ்பா 2' சிறப்புக் காட்சியின் நெரிசலில் ஒரு பெண் உயிரிழந்தார். அவருடைய மகன் படுகாயமடைந்தார். எதிர்பார்ப்பைக் கொதிநிலைக்குக் கொண்டுசெல்வதற்குத் திட்டமும் செலவும் இருக்கின்றன. அது வாசலில் பொங்கி வழியும்போது யார் பொறுப்பு என்பதற்கு மட்டும் திட்டம் இருப்பதில்லை.

வெளியில் தெரியாத இழப்பு ஒன்றும் உண்டு. தமிழில் ஆண்டுக்கு இருநூறுக்கும் மேற்பட்ட படங்கள் வெளியாகின்றன. எதிர்பார்ப்புப் பட்டியலில் இருப்பவை இருபதைத் தாண்டாது. அந்த இருபதுக்கும் பண்டிகை நாள்களும் பெரும்பாலான திரைகளும் ஒதுக்கப்பட்டுவிட, மீதிப் படங்கள் எஞ்சிய வெள்ளிக்கிழமைகளில் நெருக்கியடித்து வருகின்றன. நல்ல படம் என்ற செய்தி ஊருக்குள் பரவும் நேரத்தில் அந்தப் படம் அரங்கில் இருப்பதில்லை. இன்று ஒரு 'சேது' வெளியானால், அது இரண்டாம் வெள்ளிக்கிழமையைக் காணுமா என்பது ஐயமே.

இதைச் சீர்செய்யப் பெரிய சட்டங்கள் தேவையில்லை. முதலாவதாக, கட்டண வரம்பை முதல் நாளிலேயே நடைமுறைப்படுத்த வேண்டும். எல்லா விற்பனையும் கணினி வழி நடந்தால், எத்தனை இருக்கை, என்ன விலை என்பது மறைய இடமிருக்காது. தயாரிப்பாளருக்கும் உண்மைக் கணக்கு கிடைக்கும்.

இரண்டாவதாக, விலை இறங்கவும் வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் ரூ.100 வரையிலான நுழைவுச்சீட்டுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டிருக்கிறது; அதற்கு மேற்பட்டதற்கு 18 சதவீதம். ரூ.100 சீட்டுக்கு வரி ரூ.5, ரூ.150 சீட்டுக்கு ரூ.27. சிறிய படங்களுக்கும் வார நாள் காட்சிகளுக்கும் ரூ.100-க்குள் விலை வைத்தால், பார்வையாளருக்கு வரியிலும் சலுகை கிட்டும். 2022 செப்டம்பர் 23 அன்று தேசிய சினிமா நாளையொட்டி மல்டிபிளெக்ஸ் அரங்குகள் ரூ.75-க்குச் சீட்டு விற்றபோது கூட்டம் திரண்டதை நினைவில் கொள்ளலாம்.

மூன்றாவதாக, ஒவ்வொரு பல்திரை வளாகத்திலும் ஒரு திரையின் ஒரு காட்சியாவது சிறிய படத்துக்கு இரண்டு வாரங்கள் உறுதியாகக் கிடைக்க வேண்டும். வாய்மொழிப் பரிந்துரைக்குத் தேவையான குறைந்தபட்ச அவகாசம் அது. நான்காவதாக, திரையரங்குக்கும் வீட்டுத் திரைக்கும் இடையிலான நான்கு வாரங்களைத் திரையரங்குகளும் தயாரிப்பாளர்களும் பேசி நீட்டிக்கலாம். நான்கு வாரங்களில் வீட்டுக்கு வந்துவிடும் படத்துக்குப் பொறுமையான பார்வையாளர் அரங்குக்குப் போக வேண்டிய தேவையே இல்லை. அவர் விலகிவிட்டால், முதல் நாள் ரசிகரை மட்டுமே நம்பித் தொழில் நடக்கும். அவர்மீது சுமத்தப்படும் விலையும் ஏறிக்கொண்டே போகும்.

ஐந்தாவது, ரசிகரின் கையிலேயே இருக்கிறது. தமது ரசனையை யாரும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. பிடித்த நடிகரின் படத்துக்காகக் காத்திருங்கள். அதில் ஓர் இன்பம் இருப்பதை ஆய்வுகளும் ஒப்புக்கொள்கின்றன. ஆனால் முதல் நாளுக்குப் பதிலாக நான்காம் நாள் செல்லுங்கள். காத்திருப்பின் இன்பம் மூன்று நாள் கூடும், விலை குறையும், படத்தைப் பற்றிய உண்மையும் அதற்குள் தெரிந்துவிடும். படம் நன்றாக இருந்தால் நான்காம் நாளும் அது அங்கேதான் இருக்கும்.

அத்துடன், 2026-க்கான பட்டியலில் பத்து இடங்கள் இருந்தால் ஒன்பதை நிரப்பிவிட்டுப் பத்தாவதை வெற்றாக விட்டு வையுங்கள். சென்ற ஆண்டுகளின் அனுபவம் உண்மையானால், அடுத்த டிசம்பரில் நாம் அன்போடு நினைவுகூரப்போகும் படத்தின் பெயர் இன்று எந்தச் சுவரொட்டியிலும் இல்லை. அது எங்கோ ஒரு படத்தொகுப்பு அறையில், திரையரங்கு கிடைக்குமா என்ற கவலையோடு காத்துக்கொண்டிருக்கலாம். அதற்கும் ஒரு வெள்ளிக்கிழமையும் இரண்டு வாரமும் கிடைக்கச் செய்வது, படம் பார்க்கும் நம் எல்லோருக்கும் ஆதாயமானது.